கசிவைக் காத்த ஒன்பது காவலர்கள்

கணினியில் ஒரு விசையைக்கூடத் தட்டாமல், நாற்காலியை விட்டு எழாமல், கையில் பாதி உரித்த ஆரஞ்சுப் பழத்துடன் ஒரு நினைவகக் கசிவைப் பிடித்தவன் இந்தப் பூமண்டலத்திலேயே நான் ஒருவன்தான். நம்பாதவர்கள் என் மகளின் மேலாளரைக் கேட்கலாம். அவரும் முதலில் நம்பவில்லை.

மருத்துவமனையில் நோயாளிகளை வரிசைப்படி அழைக்கும் நிரல், மகள் எழுதியது. மூன்று மணி நேரம் ஜோராக ஓடும். பிறகு மூச்சு முட்டிப் படுத்துவிடும். “மெமரி லீக்குப்பா. வேலைக்குன்னு இடம் வாங்குது, முடிஞ்சதும் திருப்பித் தரமாட்டேங்குது” என்றாள். முப்பத்தோரு ஆண்டு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். எனக்கே இந்த நோயை விளக்குகிறாள்!

மேலாளர் மகத்தான மனிதர். கசிவைக் கண்காணிக்க ஒரு நிரல் போட்டார். அது ஒழுங்காகக் கண்காணிக்கிறதா என்று கண்காணிக்க இன்னொன்று. இப்படியே ஒன்பது. வாராவாரம் ‘கசிவு முன்னேற்ற ஆய்வுக் கூட்டம்’. கசிவும் முன்னேறியது.

அன்று காலை, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மகளின் கணினித் திரையில் தோன்றினார். “இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா, வேலையை வேற ஆள்கிட்ட குடுத்துட்டு நீங்க கிளம்ப வேண்டியதுதாம்மா.” மகள் முகம் செத்துப்போயிற்று. “வேணும்னா பத்தாவதா ஒண்ணு போட்டுப் பாக்கலாமா?” என்றார் கனிவோடு.

நான் தலையை நீட்டினேன். “தம்பி, இந்த ஒன்பது பேரும் பாத்ததையெல்லாம் எங்க எழுதி வைக்கிறாங்க?”

“அதே மெமரியிலதான் சார்.”

“எப்ப அழிப்பாங்க?”

“அழிக்கிறதா! அது ஆதாரம் சார்!”

எனக்குப் புல்லரித்தது. காணாமற்போன கோப்புகளுக்கு ஒரு பதிவேடு, அந்தப் பதிவேட்டுக்கு ஒரு பதிவேடு என்று போட்டு, கோப்பு வைக்கவே இடமில்லாமல் எங்கள் ஆவண அறையை நிரப்பிய பெருமை அடியேனுடையது. இதோ, என் வாரிசு!

“ஒன்பதையும் நிறுத்தும்மா.”

“சார், நீங்க போய் ரெஸ்ட் எடுங்க” என்று சிரித்தார் மேலாளர். மகள் அதற்குள் நிறுத்திவிட்டாள்.

மூன்று மணி நேரம் போயிற்று. நான்கு. மாலை ஆறு வரை ஒரு நோயாளிகூட வரிசை தவறவில்லை. நிரலைப் புரட்டிப் பார்த்த மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அசல் ஓட்டையை முதல் வாரமே அவள் அடைத்துவிட்டிருந்தாள். அதற்குப் பிறகு பதினோரு வாரமும் கசிந்தது காவல்தான்!

மேலாளர் மறுபடி திரைக்கு வந்தார்.

“என்ன தம்பி, நடந்துதா இல்லையா?”

சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “நடந்தது சார், ஒத்துக்கறேன். ஆனா வெளிய சொல்லிடாதீங்க. யாருமே கண்காணிக்காம அது பாட்டுக்கு ஓடுதுன்னு தெரிஞ்சா, என்னை எதுக்கு வச்சிருக்கோம்னு யோசிக்க ஆரம்பிச்சிடுவாங்க!”