உவ்வா எங்க, கண்ணு?

மைசூர் அரசில் ஒரு வட்டத்தையே ஆண்ட அமல்தாரரின் மனைவியை, அறுபது அகவை நிரம்பிய பெருமாட்டியை, முகவாயைப் பிடித்து ஆட்டி, "உவ்வா எங்க, கண்ணு?" என்று கேட்டுவிட்டு, வேலையிலும் நீடித்த பெண் இவ்வுலகில் ஒருத்திதான் பிறந்தாள். அவள் பிறந்ததில் எனக்கு வருத்தமில்லை. என் பக்கத்துக் கட்டிலில் வந்து படுத்ததில்தான் வருத்தம்.

இரண்டாம் உலகப் போருக்குச் சில ஆண்டுகள் முன்பு, வெள்ளையர் படை தங்கிய பெங்களூர்த் தண்டுப் பகுதியில் இருந்த ஒரு மருத்துவமனையில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் பயிற்சிக்குச் சேர்ந்தோம். நான் வேலூர்த் தமிழாசிரியர் ஒருவரின் மகள். அவள் அத்திபெலேயில் புளி வாணிகம் செய்தவரின் மகள். தம்பி தங்கையர் அறுவரை இடுப்பில் சுமந்தே வளர்ந்தவள். 'நர்ஸ்' என்னும் சொல் என் நாவில் ஏறாது. ஆகவே முதல் நாளே அவளுக்கு விளக்கினேன்:

"நாம் செவிலியர்."

"செவிலியா? யாருக்குக் காது கேக்காது?" என்றாள்.

பயணக் களைப்பில் நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான், பாய்ந்து வந்துவிட்டாள்.

"அச்சச்சோ, உவ்வாவா கண்ணு?"

"இதற்குத் தலைநோவு என்று பெயர். நான் பால்குடி அல்லேன்."

"சரி கண்ணு. தலையில உவ்வா."

விடுதி முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. அன்று முதல் அவள் பெயர் உவ்வா. பெற்றோர் இட்ட பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் வாழ்ந்தது.

பயிற்சியின் ஒழுங்கு இது: முதல் மூன்று திங்கள் குழந்தைகள் வார்டு, அடுத்த மூன்று திங்கள் பெண்கள் வார்டு, அதன்பின் மேட்ரன் அம்மையார் ஒருத்தியை ஒன்றிலும் மற்றொருத்தியை மற்றதிலும் நிலையாக அமர்த்துவார். எனக்குப் பெண்கள் வார்டுதான் வேண்டும். வளர்ந்தவர்களுக்கு வாய் இருக்கிறது. நோவு எங்கே என்று கேட்டால் விடை கிடைக்கும். குழந்தைகளிடம் கேட்டால் கிடைப்பது அலறல். உயிரைக் காக்க வந்த நான் அலறலுக்கு உரை எழுத வரவில்லை.

குழந்தைகள் வார்டில் இருபது கட்டில்கள். "குழந்தாய், இம்மருந்தை அருந்துக" என்று நான் ஒரு கட்டிலருகே சொன்னால் இருபதும் அழும். உவ்வாவோ, வளர்ந்த என்னைக் கண்ணு என்றவள், மூன்று வயதுப் பயலின் முன் கைகட்டி நின்றாள்.

"தொரை அவங்களே, தயவு பண்ணி சொல்ப, கொஞ்சூண்டு, வாயத் தெறங்க. கசக்கும். பொய் சொல்ல மாட்டேன்."

துரை அவர்கள் திறந்தார். விழுங்கினார். தலையும் அசைத்தார்.

"இதென்ன தலைகீழ் முறை?" என்று சீறினேன்.

"சின்னதுங்க சீக்குல படுத்தா பெரிய மனுசங்களா ஆயிடுதுங்க, கண்ணு. மொகத்தப் பாரு, தாசில்தார் மாதிரி இருக்குது. பெரியவங்க படுத்தாதான் கொழந்தைங்க."

இத்தகைய பிதற்றலுக்கு மறுமொழி கூறுவது கல்விக்கு இழுக்கு என்று மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். மறுநாளே எனக்கு இழுக்கு வேறு வழியாக வந்தது. ஆனேக்கல் பக்கத்துச் சிறுமி ஒருத்தி கட்டிற் கம்பியைப் பற்றிக்கொண்டு, வாயிலைச் சுட்டி, "ஆலு! ஆலு!" என்று கதறினாள். குழந்தைக்கு ளகரம் வரவில்லை என்று முடிவு செய்து, நானே திருத்தி, 'ஆள்' என்று பொருள் கொண்டேன். வேற்று ஆள் ஒருவன் வார்டில் நுழைந்திருக்கிறான்! காவலாளியை அழைத்தேன். அலமாரிகளைத் திறக்கச் சொன்னேன். கட்டில்களுக்கு அடியில் தேடச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து மேட்ரன் வந்தார். காவலாளியின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

உவ்வா ஒரு குவளையுடன் வந்து சிறுமியின் வாயில் வைத்தாள். அழுகை நின்றது.

"ஆளும் இல்ல, பேயும் இல்ல. கன்னடத்துப் புள்ள. ஹாலு, பால் கேக்குது. நீ போலீசையே கூப்பிட்டிருப்ப போல!"

மேட்ரன் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். பெண்கள் வார்டில் இந்தக் கறையைத் துடைத்தே தீருவதென்று உறுதி பூண்டேன்.

அங்கேதான் அமல்தாரரின் மனைவி வந்து சேர்ந்தார். ஓயாத காய்ச்சல், காரணம் புலப்படவில்லை. மருத்துவரோ வெள்ளைக்காரர், ஆடவர். அம்மையார் நாடி பார்க்கக் கை நீட்டுவார். போர்வையைக் கழுத்துக்குக் கீழே இறக்கவிட மாட்டார். உடம்பு துடைக்கவும் எவரையும் அண்டவிடவில்லை. இந்நிலையில் உவ்வா முதல் நாளே முகவாயைப் பிடித்து ஆட்டினாள். கேட்டுக்கொண்டிருந்த மருத்துவர், அதுவே செந்தமிழ் என்று நம்பி, அன்று முதல் ஒவ்வொரு கட்டிலருகிலும் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, "உவ்வா?" என்று வினவத் தொடங்கினார். அவரைத் திருத்த நான் பட்ட பாடு தனிக் கதை.

ஆறாம் நாள் அம்மையார் மேட்ரனுக்கு முறையீடு எழுதினார். மேட்ரனுக்குத் தமிழ் படிக்க வராது. என்னை அழைத்து ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். தாளில் இருந்தது நான்கு வரி. நான் மொழிபெயர்த்தது பத்து. இன்னொரு முறையீடு வந்தால் பெண்கள் வார்டு அவளுக்கு இல்லை என்று மேட்ரன் தீர்த்துச் சொல்லிவிட்டார். அன்று நான் உண்ட சோறு மிகச் சுவையாக இருந்தது.

நாள்தோறும் நான் போய், "அம்மையீர், தங்கட்கு நோவு எவ்விடத்தில் உள்ளது?" என்று முறையாகக் கேட்பேன். "ஒன்றுமில்லை" என்பார். காய்ச்சல் ஒன்பதாம் நாளும் இறங்கவில்லை. மருத்துவர் முகம் கறுத்துவிட்டது. மகனுக்குத் தந்தி போயிற்று.

மேட்ரனின் எச்சரிக்கை கேட்ட உவ்வா இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு நடமாடினாள். மூன்றாம் நாள், அம்மையாரின் கை நடுங்கிக் கஞ்சி புடைவையில் கொட்டியது. அப்பெருமாட்டியின் உதடு பிதுங்கியதை நான் அடுத்த கட்டிலருகிலிருந்து கண்டேன். உவ்வாவும் கண்டாள். எச்சரிக்கை பறந்தது.

"அய்யே, சும்னே அழக்கூடாது! யாரு அடிச்சா என் கண்ணுவ? உவ்வா எங்க? காட்டு."

தொலைந்தாள், இரண்டாம் முறையீடு உறுதி என்று நான் மகிழ்ந்த அந்த நொடியில் அம்மையார் விம்மினார்.

"இங்கடீ" என்று இடமார்பின் அடியில் கை வைத்தார். "பெரிய கட்டி. யார்கிட்டயும் சொல்லிடாதே."

"சொல்லவே மாட்டேன் கண்ணு" என்று தலையைத் தடவியவள், திரும்பி நின்று, கட்டடம் அதிர, "டாக்டரய்யா!" என்று கத்தினாள்.

சீழ்க்கட்டி அன்றே கீறப்பட்டது. இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. நான்காம் நாள் மேட்ரன் மீண்டும் என்னை அழைத்து ஒரு தாளை நீட்டினார்.

'முன்பு எழுதியதை மறந்துவிடவும். உவ்வா கேட்கும் பெண்ணை இவ்விடத்தை விட்டு அனுப்ப வேண்டாம். எல்லாரும் கேட்டார்கள். இவளிடம்தான் சொல்ல முடிந்தது.'

அந்த அறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. கஞ்சியில் உப்புக் குறைவு என்று எழுதியிருக்கிறார் என்றால் முடிந்தது; பெண்கள் வார்டு எனக்கு. நான்கு வரியையும் நான்கு வரியாகவே மொழிபெயர்த்தேன். அந்த ஒரு சொல்லை மட்டும் அப்படியே விட்டேன்.

"உவ்வா என்றால் என்ன? மருத்துவரும் அதையே சொல்லித் திரிகிறாரே" என்று ஆங்கிலத்தில் கேட்டார் மேட்ரன்.

நோவு என்று சொல்ல வாய் திறந்தேன். அந்தச் சொல்லோடு ஒன்பது நாள் அந்தக் கட்டிலருகே நின்றவள் நான்.

"அதற்கு ஆங்கிலத்தில் சொல் இல்லை, அம்மா. நான் கற்ற தமிழிலும் இல்லை" என்றேன்.

பெண்கள் வார்டு அவளுக்கு. அலறும் இருபது கட்டில்கள் எனக்கு. அன்று மாலை விடுதியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

"கண்ணு, மேட்ரன்கிட்ட சொல்லி மாத்திக்கலாமா?"

"வேண்டா."

"அழுவுறியா?"

"இல்லை."

"உவ்வா எங்க?"

தலையணையை எடுத்து வீசினேன். குறி தப்பவில்லை.

முப்பது ஆண்டுகள் குழந்தைகள் வார்டில் பணி செய்தேன். எத்தனையோ துரைகளிடமும் தாசில்தார்களிடமும், தயவு செய்து வாய் திறக்குமாறு வேண்டிக்கொண்டேன். அது யாருடைய முறை என்று எவரிடமும் ஒப்புக்கொண்டதில்லை, குறிப்பாக அவளிடம்.

அவள் இன்றில்லை. எனக்கு முழங்காலில் தொடங்கி எங்கெங்கோ வலி. மருத்துவர் நல்ல பிள்ளை; "அம்மா, தங்களுக்கு எங்கே வலிக்கிறது?" என்று பிழையற்ற தமிழில் கேட்கிறார்.

ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.