நெல்லிக்காய் அளவு வட்டம்

அயனம்பாக்கம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சான் சம்பத்துக்கு,

ஓசூரில் நீயும் உன் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அக்காள் பத்மாவும் மகள் மதிவதனியும் உயிரோடு இருக்கிறோம். மூன்று நாளாக நின்றிருந்த பேச்சுவார்த்தை நேற்றுதான் திரும்பியது. உன் அக்காள் போனில் சொன்னதை மட்டும் வைத்து நீ முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் பால்கனியில் ஒரு பெயின்ட் வாளியில் கற்பூரவல்லி வளர்ந்தது. அதன் தண்ணீர் கீழ்வீட்டு ஷோபனா காயப்போட்ட புடவை மேல் சொட்டி, அந்தம்மா மூன்று முறை மேலே வந்து சண்டை போட்டார். திங்கட்கிழமை காலை பத்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்துச் செடியைப் பிடுங்கிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். சாயங்காலம் இலை பறிக்க வந்த மதி, வெறும் வாளியைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, பத்து மாசமா இந்த ஒரே செடியிலதான்பா ஆராய்ச்சி பண்றேன். வேற செடின்னா முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்று அழுதாள். பஜ்ஜி போடுகிற இலையில் என்ன ஆராய்ச்சி என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். பத்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அம்பத்தூர் கம்பெனியில முப்பத்திநாலு வருஷம் நல்ல போல்ட் எது, கழிவு எதுன்னு பார்த்துப் பார்த்துப் பிரிச்ச மனுஷனுக்கு, வீட்ல எது கழிவுன்னு தெரியலயே!" அதற்குப் பிறகு எனக்குக் காபி வந்தது, பேச்சு வரவில்லை.

இரண்டு நாள் குப்பை வண்டி வரவில்லை. நேற்றுக் காலை அதன் பாட்டுச் சத்தம் கேட்டதும், ஒரு காலில் என் செருப்பும் மறு காலில் பத்மாவின் செருப்புமாக ஏரிக்கரை வரை ஓடினேன், பின்னாலேயே இரண்டு நாய்களும் ஓடிவந்தன. வண்டி ஓட்டும் தாயம்மா நிறுத்தி, "இன்னா பெர்சு, ஒரு தழைக்கா இம்மாந்தூரம் ஓடியாற?" என்றார்.

"அது குப்பை இல்லம்மா."

"அது எனுக்குத் தெரியும். தூக்கிப் போட்டது நீதானே? கைல பட்டதும் வாசனை மூக்கைத் தொளச்சிது. குப்பைல போட மன்சு வர்ல. ஊட்டாண்ட நட்டு வெச்சிகீறேன்."

வேலை முடிந்ததும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் இரண்டு கிளைகளை ஒடித்துக் கொடுத்துவிட்டு, "மிச்சம் என்னுது" என்றார். கிளைகளை ஈரத்துணியில் சுற்றி ஷேர் ஆட்டோ பிடித்து, பூந்தமல்லிப் பக்கம் மதி படிக்கும் கல்லூரிக்கே போய்விட்டேன். அவள் திட்டவில்லை. "கிளை போதும்பா, அதுவும் இதே செடிதான்" என்றாள். அந்தச் சந்தோஷத்தில் ஒரு கண்ணாடித் தட்டை என்னிடம் காட்டினாள். அதில் மாவு தடவியது போலக் கிருமி வளர்ந்திருந்தது, மச்சான். அதன் மேல் எதிலோ நனைத்து வைத்த காகிதம், பொட்டுப் பொட்டாக. ஒரு பொட்டைச் சுற்றி நெல்லிக்காய் அளவுக்கு வட்டம், துடைத்து வைத்த மாதிரி, ஒரு கிருமி இல்லை! "இது நம்ம இலைச்சாறா?" என்றேன். ஏதோ எழுதிக்கொண்டிருந்தவள் "ம்" என்றாள். நின்ற இடத்திலிருந்தே எங்கள் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் செய்தி போட்டுவிட்டேன்.

"செடியால ஓட முடியாதுல்லப்பா. பூச்சி வந்தாலும் கிருமி வந்தாலும் நின்ன இடத்துலயே சமாளிக்கணும். அதுக்காக அது செஞ்சு வெச்சிருக்கிற சரக்குதான் இந்த வாசனை. நமக்காகச் செய்யல" என்றாள். தட்டில் நடப்பது உடம்பிலும் நடக்குமா என்று இன்னும் பல வருஷம் பார்க்க வேண்டுமாம், அதனால் சர்க்கரை மாத்திரையை நான் நிறுத்தக் கூடாதாம்.

யோசித்துப் பார் மச்சான். ஒரு போல்ட் செய்ய எங்களுக்குக் கரன்ட், உலை, எண்ணெய், மூன்று ஷிஃப்ட் ஆள் எல்லாம் வேண்டும். இது பெயின்ட் வாளியில், வெயிலையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் மருந்துக் கம்பெனி நடத்தியிருக்கிறது. ரசத்தில் கிள்ளிப் போடும் கொத்தமல்லியை நேற்று ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றேன், உள்ளே என்ன வேலை ஓடுகிறதோ என்று.

வீட்டுக்கு வந்து பத்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "செடிகிட்ட கேளுங்க" என்றாள். திருப்பிக் கொண்டுவந்த கிளையை வாளியில் நட்டு, ஷோபனா கீழிருந்து பார்க்கப் பார்க்க, அதனிடம் கேட்டேன். அப்புறம்தான் பத்மா சிரித்தாள். வாளிக்கு அடியில் ஒரு தட்டு வைத்தாள். சொட்டுவது நின்றது. இது முன்பே ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று நீ கேட்காதே, எல்லோரும் கேட்டாகிவிட்டது.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய் நொடியின்றி நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அக்காள் புருஷன்,
பூபாலன்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் மதி இக்கடிதத்தைப் படித்துவிட்டாள். நான் பார்த்து வியந்த வட்டம், ஒப்பிட்டுப் பார்க்க வைத்த கடை மருந்துடையதாம். இலையினுடையது பக்கத்துப் பொட்டாம். ஆகவே மேலே 'நெல்லிக்காய்' என்றுள்ள இடத்தில் 'மிளகு' என்று திருத்திப் படிக்கவும். குடியிருப்பு வாட்ஸாப் குழுவிலும் திருத்தம் போட வேண்டும். இன்று மறுபடி கல்லூரிக்குப் போய், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். மிளகளவுதான் மச்சான். ஆனால் அந்த மிளகளவுக்குள் ஒரு கிருமி இல்லை.