கோபர் கேஸ் தொட்டிக்கு வைத்த விருந்து

எங்கள் கொங்குப் பக்கம் சாப்பிட உட்கார்ந்தவர் "போதுமுங்க" என்று சொன்னால், "இன்னும் ரெண்டு வையுங்க" என்றுதான் பொருள். இலையைக் கையால் மறைத்தாலும் விரல் சந்தில் சாம்பாரை ஊற்றிவிடுவோம். இந்தப் பழக்கத்தை மனிதர்களோடு நிறுத்தியிருந்தால் எனக்கு அந்த மானக்கேடு வந்திருக்காது. நான் அதை ஒரு கோபர் கேஸ் தொட்டியிடம் காட்டினேன்.

ஆனைமலைக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புக்குள் என் மாமனாரும் மாமியாரும் சின்னதாக ஒரு பண்ணை விடுதி நடத்திவந்தார்கள். ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்த மருமகள் வந்துவிட்டாள், இனிக் கூட்டம் அள்ளும் என்று நம்பினார்கள் (பாவம்). கூட்டம் வரவில்லை. "இந்த சீசனும் ஆள் வல்லீன்னா, ரூமையெல்லாம் தேங்கா குடோன் ஆக்கிப்போடலாம் கண்ணு" என்று மாமா சொல்லிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் கோவையில் விடுதிக்காரர்களுக்கான ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனேன். சுழற்சிப் பொருளாதாரம்! எதுவுமே குப்பை இல்லை, ஒன்றின் மிச்சம் இன்னொன்றுக்குத் தீனி! உக்கடத்தில் பஸ் ஏறியதிலிருந்து பக்கத்து சீட்டு அம்மாவுக்கு அதையே விளக்கிக்கொண்டு வந்தேன். (அவர் கிணத்துக்கடவிலேயே இறங்கிவிட்டார். டிக்கெட் என்னவோ பொள்ளாச்சிக்குத்தான் எடுத்திருந்தார்.)

விடுதியைப் புரட்டிப் போட்டேன். பழைய படுக்கை விரிப்புகள் துணிப்பைகளாயின. குளித்த தண்ணீர் வாழைக்குப் போனது. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் சும்மா கிடந்த கோபர் கேஸ் தொட்டியைப் பழுது பார்த்து, சாணத்தோடு சமையலறை மிச்சத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றினேன். அடுப்பு நீலமாக எரிந்தது! சந்தோஷம் தலைக்கேறி, இருந்த சிலிண்டர்களையெல்லாம் காங்கேயத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு ஏற்றி அனுப்பிவிட்டேன்.

"ஒண்ணாச்சும் இருந்துட்டுப் போகுது அம்மணி" என்றார் அத்தை.

"சிலிண்டர் இருந்தா அப்புறம் என்னங்க அத்தை சுழற்சி?" என்றேன். (அந்த வயதில் எனக்கு எல்லாம் தெரியும்.)

கோவையிலிருந்து ஒரு சுற்றுலா நிறுவனம் விடுதியைப் பார்க்க வருவதாகச் சொன்னது. பிடித்துவிட்டால் சீசன் முழுக்க ஆள் அனுப்புவார்கள். எங்கள் கடைசி நம்பிக்கை அதுதான். அவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு பக்கத்துத் தோட்டத்தில் அறுபதாங்கல்யாணம் நடந்து, விருந்து ஏகத்துக்கும் மிஞ்சியது. விடுவேனா! வடை, சாம்பார், ரசம், பாயசம், மோர் என்று அண்டா அண்டாவாக வாங்கிவந்து தொட்டியில் சாய்த்தேன். அதையும் பந்தி வரிசை மாறாமல் சாய்த்தேன்.

"போதுங் கண்ணு, அதுக்கும் வவுறுன்னு ஒண்ணு இருக்குதல்லோ" என்றார் மாமா.

"விருந்தாளிய அரை வயித்தோட விடலாமுங்களா மாமா?" என்று இன்னொரு அண்டாவைக் கவிழ்த்தேன்.

அவர்கள் வந்த அன்று காலையில் போய்ப் பார்த்தால், தொட்டியின் இரும்பு மூடி என் தோள் உயரத்துக்கு எழும்பி நின்றது. அவ்வளவு கேஸ்! நான் குதித்த குதியில் மாடு கட்டுத்தறியை இழுத்தது.

நிறுவனத்தின் மேலாளர் ரேவதியும் ஒரு கேமராக்காரரும் பசியோடு வந்து இறங்கினார்கள். அடுப்பின் மேல் இட்லிக் குண்டா தயார். "முந்தாநேத்து மிஞ்சின சோறு இன்னைக்கு உங்க இட்லிய வேக வெக்கப் போகுதுங்க!" என்று கேமராவைப் பார்த்து முழங்கிவிட்டுத் தீக்குச்சியைக் கிழித்தேன். புஸ்ஸென்று சத்தம் வந்தது. குச்சி அணைந்தது. இன்னொன்று கிழித்தேன், அதுவும் அணைந்தது. வந்தது கேஸ்தான், ஆனால் எரிகிற கேஸ் இல்லை. தின்றது செரிக்காமல் தொட்டி புளித்துப்போயிருந்தது.

அதற்குள் பின்பக்கமிருந்து மாமாவின் குரல்: "அம்மணி! தொட்டி வாந்தி எடுக்குது, ஓடியா!"

ஓடினோம். நுரை பொங்கி வழிந்து, வடைகளை மிதக்கவிட்டுக்கொண்டு, நேராக ரேவதியின் செருப்பை நோக்கி வந்தது. அந்த நாற்றத்தை எழுத முடியாது. (தேங்காய் ஏலத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் கணவர் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் கிளம்பிவிட்டார்.) சிலிண்டரோ காங்கேயத்தில். நான் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

மாமா நாற்றம் எட்டாத தோப்பு மூலையில் மூன்று கல்லை வைத்து, காய்ந்த தென்னம்பாளையையும் மட்டையையும் போட்டுப் பற்றவைத்தார். அத்தை இட்லிக் குண்டாவைத் தூக்கிக்கொண்டு போனார். மரத்தடியில் இலை போட்டார்கள். பசித்துக் காய்ந்திருந்த இருவரும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். அத்தை வழக்கம்போல விடாமல் இட்லியை வைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ரேவதி இலைமேல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்தினார்: "போதுமுங்கம்மா! இன்னொண்ணு வெச்சீங்கன்னா எனக்கும் நுரை தள்ளிருமுங்க!"

முதலில் சிரித்தது மாமாதான். சிரித்துச் சிரித்து மரத்தைப் பிடித்துக்கொண்டார். நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தேன். கிளம்பும்போது ரேவதி, "நாங்க அனுப்பறவங்களுக்கும் இதே அடுப்புல, இதே மட்டையில இட்லி கெடைக்குமுங்களா?" என்று கேட்டார். விழுந்த மட்டையும் சுழற்சிதான் என்று விளக்க நான் வாயைத் திறந்தேன். மாமா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அறைகள் குடோன் ஆகவில்லை. தொட்டியைப் பல வாரம் பட்டினி போட்டு, வெறும் சாணக் கரைசலால் தேற்றினோம். இன்று அது அளவாகத் தின்று அழகாக எரிகிறது. ஒரு சிலிண்டரும் காங்கேயத்திலிருந்து திரும்பிவிட்டது. ஆனால் எங்கள் சொந்தத்தில் எந்தப் பந்தியிலும் யாராவது இலையை மறைத்தால், என்னைப் பார்த்துக்கொண்டேதான் "நுரை தள்ளிருமுங்க" என்கிறார்கள். உடனே கரண்டி நின்றுவிடுகிறது. கொங்கு நாட்டிலேயே, போதும் என்றால் நிறுத்திவிடுகிற ஒரே குடும்பம் எங்களுடையதுதான்.