மணிக்குச் சொன்ன கலியாணம்

வெஸ்ட்லி, ஒஸ்லோ
வெள்ளிக்கிழமை

மதிப்புக்குரிய மச்சான் சிறீஸ்கந்தராசா அவர்கட்கு,

இங்கு நானும் உங்கள் தங்கை இராசமணியும் கலியாணப் பெண் துஷ்யாவும் நல்ல சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்கத் தேவையில்லை. இன்று காலை நீங்கள் சாப்பிட்ட இடியப்பத்தைக்கூடக் குடும்பக் குழுவில் படமாகப் பார்த்துவிட்டோம்.

விடயத்துக்கு வருகிறேன். "எனக்கு ஒருத்தரும் வீட்டை வந்து சொல்லேல்லை, போனிலை வந்த வீடியோவைப் பாத்துத்தான் மருமேளுக்குக் கலியாணம் எண்டு தெரியும், நான் வரமாட்டன்" என்று இராசமணியிடம் சொன்னீர்களாம். அந்த வீடியோ துஷ்யாவின் வேலை. அவளும் மாப்பிள்ளையும் பனிக்குள் ஓடுகிறார்கள், மேலே ட்ரோன் பறக்கிறது, எந்த மண்டபம் என்பது மட்டும் கடைசியில் அரைச் செக்கன் வந்து மறைகிறது. இப்போது எல்லாமே அப்படித்தான். பிறந்தநாளுக்கும் நேரலை, செத்தவீட்டுக்கும் நேரலை, துக்கம் விசாரிக்க ஒரு கட்டைவிரல் படம். அதனால்தான் நான் ஒரே பிடியாய் நின்றேன். "வீடு வீடாய்ப் போய், கையிலை கலியாணக் காட் குடுத்துத்தான் சொல்லுவன்" என்றேன். ஹொல்ம்லியாவில் தொடங்கி நாற்பத்தொரு வீடு ஏறி இறங்கினேன். நம்பாவிட்டால் என் முழங்காலைக் கேளுங்கள்.

உங்களுக்கு மட்டும் சொல்லாமல் விடுவேனா? இராசமணிக்கு முதியோர் இல்லத்தில் வேலை என்பதால், போன சனிக்கு முதல் சனி குங்குமச் சிமிழோடு தனியாகப் பஸ் ஏறி லோறென்ஸ்கூக் வந்தேன். உங்கள் புது வீட்டை நான் அறிந்தது குடிபூரலுக்கு நீங்கள் அனுப்பிய நேரலையில்தான். எங்களை நேரே வந்து கூப்பிட்டவரா நீங்கள்? சரி, அதை விடுவோம். "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று போன் சொன்ன இடத்தில் அதே வெள்ளை வீடு, அதே கறுத்தக் கதவு, கமரா வைத்த அழைப்பு மணி. அமத்தினேன். நீல வெளிச்சம் எரிந்து, வீட்டில் ஆளில்லை, செய்தியைச் சொல்லுங்கள் என்று ஒரு பெண்குரல் நோர்வேஜிய மொழியில் சொன்னது. தமிழர் வீட்டு மணிக்கு இவ்வளவு பவுசா என்று எரிச்சல்தான். ஆனாலும் கையுறையைக் கழற்றி, காட்டைக் கமராவுக்கு நேரே பிடித்து, "மச்சான், ஜூன் பதின்மூண்டாம் திகதி பிள்ளைக்குக் கலியாணம், அக்காவையும் கூட்டிக்கொண்டு முதல்நாளே வந்து நிண்டு நடத்தித் தரவேணும்" என்று முறையாகச் சொன்னேன். பொட்டு வைக்க நெற்றி இல்லாததால் மணிக்கே வைத்தேன். காட்டைக் கதவுப்பிடியில் செருகிவிட்டு வந்தேன்.

எல்லாம் உங்கள் மணியில் பதிந்திருக்கும், போட்டுப் பாருங்கள். நான் வந்தது வந்ததுதான், சொன்னது சொன்னதுதான். இரண்டாம் தரம் வரவேமாட்டேன். ஆனால், தாய்மாமன் கைப்பிடித்துக் கூட்டிப்போகாமல் மணவறைக்குப் போகமாட்டேன் என்று துஷ்யா நிற்கிறாள். இரண்டு நாளாக வீட்டில் ஒருவரும் என்னோடு கதைப்பதில்லை. எனக்குத் தாங்க முடியவில்லை.

கிருஷ்ணகுமாரி அக்காவுக்கு என் அன்பு. உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், உங்கள் மணிக்கு நல்ல பற்றறியும் கிடைக்க அம்மனை வேண்டும்,

சொன்ன சொல் மாறாத,
யோகலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஒரு போன். காட்டில் இருந்த இலக்கத்துக்கு எமிலி என்ற நோர்வேஜியப் பெண் எடுத்தார். உங்கள் தெருவில் ஏழாம் இலக்க வீடாம், நான் போனில் போட்டதும் ஏழுதான். உங்களுடையது பதினேழு என்று இராசமணி இப்போதுதான் சொல்கிறாள். எமிலி மணிப் பதிவைத் தன்னோடு வேலை செய்யும் தமிழ்ப் பெண்ணுக்குக் காட்டி விளங்கிக்கொண்டாராம். "பன்னிரண்டு வருடமாக இங்கே இருக்கிறோம். ஒருவரும் வீடு தேடி வந்து எங்களை எதற்கும் அழைத்ததில்லை. நானும் கணவரும் கட்டாயம் வருவோம். முதல்நாள் வந்தால் என்ன வேலை தருவீர்கள்?" என்று கேட்டார். பிழையான வீடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாருங்கள் என்றுவிட்டேன்.

மச்சான், உங்களுக்கு நான் வந்து சொல்லவில்லைத்தான். அடுத்த வாரம் ஞாயிறு நாலு மணிக்கு இராசமணியோடு வருகிறேன். மணியை அமத்தமாட்டேன், கதவைத் தட்டுவேன். நீங்களே வந்து திறவுங்கள்.