ஆண்டியப்பனின் கன்றுக்குட்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலாம் வருஷம், ஐப்பசி மாதத்து மழையில், இலங்கையில் பூண்டுலோயாப் பக்கம் ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்துத் தப்பால்காரன் ஆண்டியப்பன் மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் காலை விட்டு, இடது கெண்டைக்காலைப் பிசக்கிக்கொண்டான். சதைதான் பிடித்துக்கொண்டது, எலும்பு முறியவில்லை. நாலு நாள் உப்பு ஒத்தடம் கொடுத்தால் போகிற வலி. அதற்கு ஒரு ஃபைல் திறக்க வேண்டும் என்று எந்தப் புத்தியுள்ளவனுக்கும் தோன்றாது. ஆனால் ஊசிமலையில் ஆபீஸ் என்று ஒன்று இருந்தது.

அந்த ஆபீசில் நான் பியோன். பேர் சோலைமலை. இந்த மேசையில் இருக்கிற காகிதத்தை அந்த மேசைக்குக் கொண்டுபோவது என் உத்தியோகம். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக் கூடாது. படிக்காமல் எப்படி இருப்பது?

தப்பால்காரன் என்றால், தோட்டத்துக்கும் டவுன் தபால் கந்தோருக்கும் நடுவே கடுதாசிப் பை சுமக்கிறவன். மற்றத் தோட்டங்களில் அவர்கள் நடப்பார்கள். ஆண்டியப்பன் ஓடுவான். போக நாலு மைல், வர நாலு மைல், மேடு பள்ளமெல்லாம் ஒரே ஓட்டம்.

"ஏன்டா இப்படி ஓடுறே? நடந்தா பை வரமாட்டேன்னு சொல்லுதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஓடுறப்பதாண்ணே எவனும் என்னைய 'டேய், நில்லு'ன்னு சொல்ல முடியாது. பையில துரை கடுதாசி இருக்குல்ல?" என்றான்.

அப்படிப்பட்டவன் நொண்டிக்கொண்டு மருந்துக் காம்பிராவுக்குப் போனான். டாக்டரய்யா ஞானரட்ணம் காலை அமுக்கிப் பார்த்தார். "சின்னப் பிசகுதான். ரெண்டு வாரம் ஓடாதே. பிறகு கொஞ்சம் நட, கொஞ்சம் ஓடு. வலிச்சா நிறுத்து" என்றார். அதுவரைக்கும் எல்லாம் நியாயமாகத்தான் நடந்தது. பிறகு அவர் பேனாவை எடுத்தார்.

டாக்டரய்யா தமிழில் பேசுவார், இங்கிலீசில்தான் எழுதுவார். தமிழில் எழுதினால் மருந்து கேட்காது என்று அவருக்கு எண்ணம். கெண்டைக்கால் சதைக்கு இங்கிலீசில் 'காஃப்' என்று பேராம். மாட்டுக் கன்றுக்குட்டிக்கும் அதே பேர்தானாம். உலகத்தையே ஆண்ட வெள்ளைக்காரனுக்கு இன்னொரு சொல்லா கிடைக்காமல் போயிற்று! டாக்டரய்யா எழுதிய துண்டு இது: 'தப்பால் ஆண்டியப்பனின் காஃப் பிசகிவிட்டது. இரண்டு வாரம் ஓடக் கூடாது.'

துண்டு பெரிய கிளாக்கர் லியனார்ட் ஐயாவின் மேசைக்கு வந்தது. கொண்டுவந்த பாவி நான்தான். ஐயா கோட்டுப் போட்டவர். அவர் அப்பாவும் எங்கள் பாட்டன்மாரைப்போல இந்தியாவிலிருந்து மண்டபம் முகாம் வழியாகக் கப்பலேறி வந்தவர்தான். ஆனால் கோட்டுப் போட்ட பிறகு அதெல்லாம் பேசப்படுவதில்லை. துண்டை ஐயா இரண்டு தரம் படித்தார்.

"சோலைமலை! ஆண்டியப்பன் கன்னுக்குட்டி வளக்குறானா?"

"தெரியலீங்களே ஐயா."

"வளக்குறான். அதுக்குக் கால் பிசகிப்போச்சு. மனுசருக்கு இருக்கிற மருந்துக் காம்பிராவுக்குக் கன்னுக்குட்டியக் கொண்டுபோயிருக்கான். திமிரப் பாத்தியா?"

அன்று சாயங்காலமே கடிதம் அடிக்கப்பட்டது. 'மேற்படி தொழிலாளி, துரையவர்களின் எழுத்துமூல அனுமதியின்றி, தொழிலாளர் குடியிருப்பாகிய கீழ்லயத்தின் ஏழாம் நம்பர்க் காம்பிராவில் கன்றுக்குட்டி ஒன்றைப் பராமரித்து வருவதாகத் தெரியவருகிறது. இன்றிலிருந்து இருபத்தொரு நாட்களுக்குள் மேற்படி கன்றுக்குட்டி விவகாரம் திருப்திகரமாகத் தீர்க்கப்படாவிடின், தப்பால் பையானது செல்லசாமி வசம் நிரந்தரமாக ஒப்படைக்கப்படும். மேற்படி தொழிலாளி மலையில் மண் கிளறி முள்ளுக் குத்தும் வேலைக்கு அனுப்பப்படுவார்.'

செல்லசாமி யாரென்றால், ஐயா வீட்டுக்கு விறகு பிளந்து போடுகிறவன். அவன் நடந்தால் நத்தை முந்திக்கொண்டு போகும். தற்காலிகமாக அவன் கையில் பை போன முதல் வாரமே, சனிக்கிழமை வரவேண்டிய கடுதாசி செவ்வாய்க்கிழமை வந்தது.

கடிதத்தைப் பார்த்து ஆண்டியப்பன் பதறிப்போய் ஆபீசுக்கு ஓடிவந்தான். ஓடிவந்தான் என்பது தப்பு, நொண்டிவந்தான்.

"ஐயா, சத்தியமா என்கிட்ட கன்னுக்குட்டி இல்லீங்க!"

"டாக்டரய்யா கையெழுத்துப் போட்டிருக்காரு. அவர் பொய் சொல்றாருங்கிறியா?"

"ஐயோ, அவர் பொய் சொல்லலீங்க. அடிபட்டது எனக்குங்க. இந்தா, இங்க, ஆடுசதையில."

ஐயாவின் முகம் சிவந்தது. "கன்னுக்குட்டி போதாதுன்னு ஆடும் வச்சிருக்கியா?"

"ஆடு இல்லீங்க, ஆடுசதைங்க!"

"ஆட்டை அறுத்தும் போட்டாச்சா? சோலைமலை, எழுதிக்க."

வேறு வழியில்லாமல் ஆண்டியப்பன் சாரத்தை முழங்கால் வரைக்கும் தூக்கி, வீங்கிய காலை மேசைப் பக்கமாக நீட்டினான். "ஆபீசுல காலையா தூக்குற!" என்று ஐயா போட்ட சத்தத்தில் மைப் புட்டி கவிழ்ந்தது. மரியாதைக் குறைவு என்று ஃபைலில் இன்னொரு பக்கம் ஏறியது.

நான் சும்மா இருக்கவில்லை. டாக்டரய்யாவிடம் போய், "ஐயா, காஃப் என்கிறதை அடிச்சிட்டு 'கால்'னு ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்கய்யா, புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினேன். அவ்வளவுதான், மனுசன் தாம்தூம் என்று குதித்தார்.

"என் இங்கிலீசைத் திருத்த லியனார்ட் யாரு? நான் எழுதினது காஃப். காஃப்னா காஃப்தான்!"

அதையே ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். 'நான் காஃப் என்று எழுதியது முற்றிலும் சரி.' பெரிய கிளாக்கர் அதைப் படித்துச் சிரித்தார். கன்றுக்குட்டி உண்டென்பதற்கு இரண்டாவது சாட்சியம் கிடைத்துவிட்டதே!

ஃபைல் பெரியதுரையிடம் போனது. துரைக்கு இங்கிலீசு தெரியுமே, அவராவது கண்டுபிடித்துவிடுவார் என்று நம்பினோம். துரை ஃபைல் படிக்கிற வழக்கம் கிடையாது. மேலே ஒட்டியிருக்கும் தலைப்பைத்தான் படிப்பார். 'அடிபட்ட கன்றுக்குட்டி' என்று ஐயா தலைப்புப் போட்டிருந்தார். துரை உருகிப்போனார். 'பாவம், வாயில்லா ஜீவன். நம் பட்டியிலிருந்து தினமும் புண்ணாக்கும் தவிடும் கொடுக்கவும்' என்று ஓரத்தில் எழுதினார். லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று நாங்கள் அதுவரை பதினொரு மனுக் கொடுத்திருந்தோம். அதன் ஓரத்தில் துரை ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. அடுத்த பிறவியில் கன்றுக்குட்டியாகப் பிறக்க வேண்டுமடா என்று எனக்கு வயிறெரிந்தது.

மறுநாளிலிருந்து ஏழாம் நம்பருக்குப் புண்ணாக்கு வந்தது. ஆண்டியப்பனின் பெண்சாதி சண்முகவடிவு வாசலிலேயே மறித்தாள்.

"இது யாருக்கு?"

"கன்னுக்குட்டிக்கு" என்றேன், கண்ணைப் பார்க்காமல்.

"என் புருசன் சோறு திங்கிறவருண்ணே!"

"வேண்டாம்னு திருப்பி அனுப்பாதே தாயி. கன்னுக்குட்டி இரை எடுக்கலைன்னு அதுக்கு ஒரு கடிதம் அடிப்பாங்க."

அவள் கெட்டிக்காரி. பக்கத்து வீட்டு வீரம்மாவின் ஆடுகளுக்குப் புண்ணாக்கைப் போட்டாள். வீரம்மா தினமும் ஒரு செம்பு ஆட்டுப்பால் கொடுத்தாள்.

இரண்டு வாரம் போனதும் ஆண்டியப்பன் டாக்டரய்யா சொன்னபடியே ஆரம்பித்தான். விடியக்காலையில், பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆள் சேருமுன், தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் பின்னால் இருக்கிற கரத்தை ரோட்டில். சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எக்கி எக்கி இறங்குவான். ஐந்து நிமிஷம் நடப்பான், ஒரு நிமிஷம் ஓடுவான். நான் நேரம் பார்த்துச் சொல்வேன். முதல் நாள் 'சுருக்'கென்றது, நின்றுவிட்டான். கண்ணில் தண்ணீர். வலியால் அல்ல, பயத்தால். "அண்ணே, ஓட முடியாமப் போயிருமோ?" என்றான். நானும் கலங்கித்தான் போனேன். ஆனால் மூன்றாம் நாள் ஐந்து நிமிஷம் ஓடினான். ஐந்தாம் நாள் ஸ்டோரை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, "போதும்னு சொல்லுங்கண்ணே, இல்லாட்டி இப்படியே டவுனுக்குப் போயிருவேன்" என்று சிரித்தான்.

டாக்டரய்யா அமுக்கிப் பார்த்து, 'காஃப் பூரண குணம். ஓடலாம்' என்று எழுதிக் கொடுத்தார். அன்று பத்தொன்பதாம் நாள். பெரிய கிளாக்கர் துண்டைத் தூக்கித் தூரப் போட்டார்.

"கன்னுக்குட்டிக்குக் குணம்னு சொல்ல இவருக்கு என்ன அதிகாரம்? இவர் மனுச டாக்டர். மாட்டு டாக்டர் சொல்லணும்."

"சரிங்கய்யா, கன்னுக்குட்டி கிடக்கட்டும். நான் ஓடலாமுங்களா?" என்றான் ஆண்டியப்பன்.

"நீ ஓடக் கூடாதுன்னு யார் சொன்னது?"

"அப்ப பையக் கொடுங்கய்யா."

"கன்னுக்குட்டி விவகாரம் தீரட்டும்."

இருபதாம் நாள், கொட்டுகிற மழையில், டவுனிலிருந்து மாட்டு டாக்டர் வந்தார். சிங்களவர், வயசானவர், சாந்தமான மனுசர். லயமே கூடி நின்றது. பெரிய கிளாக்கர் குடை பிடித்துக்கொண்டு ஏழாம் நம்பர் வரைக்கும் வழிகாட்டி வந்தார்.

"எங்கே கன்னு?" என்றார் மாட்டு டாக்டர்.

சண்முகவடிவு புருசனைப் பிடித்து முன்னே தள்ளினாள். "இதாங்க மாத்தயா கன்னுக்குட்டி. இடது கால். நல்லாப் பாத்து எழுதுங்க!"

அவர் ஆண்டியப்பனின் காலைப் பார்த்தார். டாக்டரய்யாவின் துண்டைப் படித்தார். பெரிய கிளாக்கரைப் பார்த்தார். ஐயா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே ஐயாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது, எனக்குத் தெரியும். ஆனால் தப்பை எழுதத்தான் ஃபைலில் இடம் உண்டு, ஒப்புக்கொள்ள இடம் கிடையாது.

மாட்டு டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பையிலிருந்து ஒரு போர்மை எடுத்தார். "மழையிலே இவ்வளவு தூரம் வந்தேன். போர்ம் நிரப்பாமல் போனால், நான் வரவே இல்லை என்று ஆகும்" என்றார்.

கெண்டைக்காலை அமுக்கினார். வீக்கம் இல்லை. ஓடச் சொன்னார், ஆண்டியப்பன் லயத்துக் கோடிவரை ஓடித் திரும்பினான். 'ஓடத் தகுதியுள்ளது' என்று எழுதினார். நிறம் கறுப்பு. கொம்பு இல்லை. சுபாவம் சாது.

"பிறந்த இடம்?"

"இந்தக் காம்பிராதாங்க. பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டப்ப கொழும்புக் கந்தோருக்காரங்களும் இதையேதான் கேட்டாங்க. அத்தாட்சி கொண்டான்னாங்க. நான் பொறந்தப்ப யாருங்க எழுதி வச்சாங்க?"

"தாய்?"

"பூரணிங்க. அதுவும் இதே லயத்துலதாங்க பொறந்துச்சு."

மாட்டு டாக்டர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதினார். சீல் குத்தினார். பெரிய கிளாக்கர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். துரை தலைப்பைப் படித்துவிட்டு, 'மிக்க மகிழ்ச்சி' என்று எழுதித் தோட்டத்துச் சீலும் வைத்தார்.

இருபத்தோராம் நாள் பை ஆண்டியப்பன் தோளுக்கு வந்தது. அடேயப்பா, அந்த ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் நிமிர்ந்து நின்று கூவினார்கள். எட்டு மைலையும் ஓடி முடித்து, மூச்சிரைக்கப் பையை என் மேசையில் போட்டான். அதில் அவன் பேருக்கே ஒரு கடுதாசி இருந்தது. கொழும்பிலிருந்து. அவன் இந்த நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி இல்லாதபடியால், பிரஜாவுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாம். மூன்று மாதத்துக்குள் புதிய அத்தாட்சி இருந்தால் காட்டலாமாம். இல்லாவிட்டால் என்றைக்காவது இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதுதான்.

வாசித்துக் காட்டினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஃபைலை உருவி, மாட்டு டாக்டரின் போர்மை அவன் மடியில் போட்டேன். "இதை விடவா அத்தாட்சி வேணும்? மூணு கையெழுத்து, ரெண்டு சீல். அந்தக் கன்னுக்குட்டி நான்தான்னு எழுதி அனுப்புடா!"

அனுப்பினோம். தை மாதம் பதில் வந்தது. கீழ்லயம் முழுக்கக் கூடி நிற்க, சத்தமாக வாசித்தேன்.

'மேற்படி கன்றுக்குட்டியும் அதன் தாயும் இந்நாட்டிலேயே பிறந்தவை என்பது தக்க அத்தாட்சிகளால் ஐயந்திரிபற நிரூபிக்கப்பட்டுள்ளது. உரிமையாளரைப் பற்றி அவ்வாறு நிரூபிக்கப்படவில்லை. ஆகவே, உரிமையாளர் இந்தியா செல்ல நேரும் பட்சத்தில், கன்றுக்குட்டியை உடன் கொண்டுசெல்ல அனுமதி இல்லை என்பதை இத்தால் அறியத்தருகிறோம்.'

சண்முகவடிவு கேட்டாள்: "அப்ப, இவரு கப்பலேறினாலும் இந்தக் கால் இங்கதான் இருக்கணுமா?"

லயமே விழுந்து விழுந்து சிரித்தது. ஆண்டியப்பனும் சிரித்தான். சிரித்து முடிந்ததும் ஒவ்வொருவரும் குனிந்து தங்கள் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை பெரட்டுக்கு ஆளில்லை. மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். தோட்டமே மருந்துக் காம்பிரா வாசலில் வரிசையாக நின்றது. எல்லோருக்கும் கெண்டைக்கால் பிசகு. எனக்கும்தான், எதற்கு மறைக்க வேண்டும்? என் பிரஜாவுரிமை விண்ணப்பமும் போன மாதம் திரும்பி வந்திருந்தது.

எனக்குப் பின்னால் யாரோ நொண்டி நொண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. திரும்பினேன். கோட்டுப் போட்ட பெரிய கிளாக்கர்.

"ஐயா, உங்களுக்குமா! எந்தக் காலுங்கய்யா?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டுலயும்னு எழுதச் சொல்லுடா. ஒரு கால் மட்டும் இங்க நின்னு என்ன செய்யும்?"