வேப்பிலை கட்டிய மாட்டுக் கொட்டகை

மரியாதைக்குரிய மச்சான் சுந்தரபாண்டி அவர்களுக்கு, பந்தல்குடி வடக்குப் பொட்டலில் உள்ள மாட்டுக் கொட்டகையிலிருந்து தவசி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் பதினாறு மாடுகளும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே நீங்களும் அக்காவும் சுகமா? போனில் சொல்லலாம்தான். லாரி செட்டு இரைச்சலில் நீங்கள் எல்லாவற்றுக்கும் "சரி மாப்ள, சரி மாப்ள" என்று வைத்துவிடுகிறீர்கள். காகிதத்தில் மருந்து வாடை அடித்தால் பயப்பட வேண்டாம். டாக்டரம்மா சொல்லவில்லை, நானாகத்தான் தெளித்தேன்.

வீரசோழன் ஹாஜா நஜ்முதீன் பாய் பால் பண்ணை வைக்கப் பதினாறு கறவை மாடுகளை வெளியூரிலிருந்து இறக்கினார் அல்லவா? இறக்கிய மறுநாளே ஒன்றுக்கு உடம்பெல்லாம் கொட்டை கொட்டையாகக் கழலை. கால்நடை டாக்டரம்மா ஷஹீனா வந்து பார்த்துவிட்டுச் சட்டம் போட்டார். உள்மாடு வெளியே போகக் கூடாது, வெளிமாடு கிட்டே வரக் கூடாது, வருகிற ஆள் வாசல் தொட்டியின் ஊதா மருந்துத் தண்ணீரில் கால் நனைக்க வேண்டும், உள்ளே இருக்கிறவன் வீட்டு மாட்டைத் தொடவே கூடாது. புதுக் கழலை இல்லாமல் இருபத்தெட்டு நாள் கழிந்தால் விடுதலை. காவலுக்கு யார் என்று பாய் கேட்டபோது, "முப்பது வருசம் பஸ்ஸுல கண்டக்டரா இருந்தவன், எனக்கா கூட்டத்தச் சமாளிக்கத் தெரியாது?" என்று வாயைக் கொடுத்தேன். இன்றைக்கு எழுபத்தோராவது நாள்.

முப்பது வருஷமும் நான் கூட்டத்தை உள்ளே ஏற்றியவன் மச்சான், வெளியே நிறுத்திப் பழக்கமில்லை என்பது அப்போது புத்தியில் உறைக்கவில்லை. 'அந்நியர் உள்ளே வரக் கூடாது' என்று போர்டு வைத்தேன். படித்தவர்கள் எல்லாரும், "நாங்க என்ன அந்நியமா?" என்று கேட்டபடி உள்ளே வந்தார்கள். கீழத்தெரு மூக்கம்மாள் ஒரு சீப்பு வாழைப்பழமும் ரொட்டியுமாக வந்து, "மாட்டுக்கு முடியலைன்னா ஒரு எட்டுப் பாக்க வேணாமா? நாளைக்கு என்னைய யாரு பாப்பா?" என்று, கால் ஊதாவாகிவிடும் என்பதற்காகத் தொட்டியைத் தாண்டிக் குதித்தாள். அறுபது வயசுல அந்தக் குதி! நான் விசில் அடித்தேன். ஒத்த விசிலுக்கு எல்லாரும் நின்றார்கள், நின்ற கையோடு வாசலுக்கு முண்டியடித்தார்கள். அத்தனை பேரும் நம்ம பழைய பாசஞ்சருங்க. பத்தொன்பதாம் நாள் இன்னொரு மாட்டுக்குக் கழலை வந்தது, கணக்கு ஒன்றிலிருந்து.

அப்புறம்தான் என் மூளை வேலை செய்தது. அது சும்மா கிடந்திருக்கலாம். நம் பக்கம் வீட்டில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவோம், பார்த்தால் ஓட்டுக் கேட்க வந்தவன்கூடத் திரும்பிப் போவான். கேட்டுக்குத் தோரணமாக வேப்பிலை கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். விடிஞ்சா செவ்வாய்க்கிழமை. கூழ்ப் பானையும் மஞ்சத்தண்ணியுமா நாப்பது பொம்பளைங்க நிக்கிறாக! மூக்கம்மாள்தான் விளக்கம் சொன்னாள்: "மனுசருக்கு அம்மைன்னா தள்ளி நிக்கணும். வாயில்லா சீவனுக்கே ஆத்தா வந்திருக்கான்னா வந்து கும்பிடணும்ல?" நரிக்குடிக்காரர் ஒருவர் ஆட்டு மந்தையையே தொட்டியில் இறக்கினார், ஊதாத் தண்ணீர் தீர்த்தமாம். தூத்துக்குடி ரோட்டில் போன லாரிக்காரர் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, ஒரு சொம்பு தீர்த்தமும் தெளித்துக்கொண்டு போனார். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா வந்து, "வேப்பில யாரு கட்டுனது?" என்று கேட்டார். நாப்பது பேரும் ஒற்றுமையா என்னையக் கை காட்டுனாக. அந்த வாரமே மூன்றாவது மாட்டுக்குக் கழலை. எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

மறுபடி ஒன்றிலிருந்து எண்ணியதில் இப்போது இருபத்தாறாம் நாள். இன்னும் ரெண்டே நாள். வீட்டில் செவ்வந்தி தலையீத்து நிறைசினை. பிள்ளையில்லாத எங்களுக்கு அவள்தான் எல்லாம் என்று உங்களுக்கே தெரியும். ஊர் மாட்டுக்கெல்லாம் கழலைக்கு ஊசி போட்ட முகாமுக்கு அவளைக் கொண்டுபோகவில்லை. சினையாயிற்றே என்று பயந்து நான்தான் ஒளித்துவைத்தேன். அவளுக்கு இது ஒட்டிவிடக் கூடாது என்றுதான் எழுபத்தொரு நாளாக வீட்டுப் பக்கம் தலைவைக்காமல் கிடக்கிறேன். இந்த லட்சணத்தில் உங்கள் தங்கச்சி ஜக்கம்மாள் நேற்று போனில், "ஊரு மாடெல்லாம் தீர்த்தத்துல கால் நனைச்சிருச்சு, நம்ம மாடு மட்டும் பாவமா? ஓட்டிக்கிட்டு வாரேன்" என்கிறாள். நான் கத்தினேன், கெஞ்சினேன், ஒன்றும் ஏறவில்லை. அண்ணன் சொன்னால் கேட்பாள். இன்றே ஒரு அதட்டுப் போடுங்கள், உங்களுக்குக் கோடி புண்ணியம். நீங்களும் இந்தப் பக்கம் வந்துவிடாதீர்கள்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், உங்கள் வீட்டுக் கன்றுகாலிகள் கழலையின்றி நீடு வாழ்க.

இப்படிக்கு,
ப. தவசி

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது கேட்டில் மணிச் சத்தம். ஜக்கம்மாள், கையில் கயிறு, கயிற்றில் செவ்வந்தி. "தள்ளி நில்லுடி!" என்று கத்தினேன். "மூணு நாளா தவிட்டத் தொடலைங்க. ஒங்க பழைய சட்டைய மோந்துகிட்டே நிக்குது" என்று அழுதாள். நான் கத்தின குரலைக் கேட்டதும் செவ்வந்தி கயிற்றை இழுத்துக்கொண்டு தொட்டியில் இறங்கி நேரே வந்து கேட்டுக் கம்பி வழியாக என் கையை நக்கினாள். கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியும் மச்சான், சட்டத்தை ஊருக்கெல்லாம் ஓதினவனே நான்தான். இழுக்கவில்லை. இன்னொரு கையையும் நீட்டிவிட்டேன்.

இனி அவளைத் திருப்பி ஓட்ட முடியாது. தனியாகக் கொட்டில் போட்டாயிற்று, கன்று இங்கேதான் பிறக்கும். இன்றைக்கு எங்களுக்கு ஒன்றாம் நாள். ஜக்கம்மாளை அதட்ட வேண்டாம். ரெண்டு கட்டு வைக்கோல் மட்டும் கொடுத்துவிடுங்கள். டாக்டரம்மா அவிழ்க்கச் சொன்ன வேப்பிலையை மறுபடி கட்டியிருக்கிறேன். இந்தத் தடவை யாரையும் விரட்டுவதற்கு இல்லை, கும்பிடுவதற்குத்தான்.