பொட்டு வைச்ச படகு

சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். படகை ஏரியில இறக்கவேணும்.

சின்னப் படகு. போன மாசம் போடன்சே ஏரிக்கரையில, ரோமன்ஸ்ஹோர்னில ஒரு சுவிஸ்காரரிட்டை வாங்கினது. அதைப் பற்றி நாங்கள் இருக்கிற வின்டர்தூர் முழுக்கக் கதைச்சு முடிச்சிட்டன். அதோட நிண்டிருக்கலாம். மகள் அபியைத் தங்கட மகனுக்குக் கேட்டு, கூர் நகரத்தில இருந்து முதல்முறையா வீட்டை வந்த சம்மந்தியாரிட்டையும் வாயை விட்டுட்டன்.

"அண்ணை, நாளைக்கு உங்களுக்கு சூரிச் ஏரியைச் சுத்திக் காட்டுறன்."

"ஓம்" எண்டார்.

அந்த மனுசன் எல்லாத்துக்கும் "ஓம்"தான். விருப்பத்தில சொல்றாரோ, வெறுப்பில சொல்றாரோ, முகத்தைப் பாத்துக் கண்டுபிடிக்க ஏலாது. அபியின்ர கலியாணமோ அந்த முகத்திலதான் தொங்குது.

விடிய என்ர மனுசி வசந்தி படகுக்குச் சந்தனம் பூசி, குங்குமப் பொட்டு வைச்சு, மாலையும் போட்டா. டிரெய்லர் டயருக்குக் கீழ தேசிக்காய் வைச்சு நசிச்சம். முதல்முதல் இறக்கிறதெல்லோ!

படகு இறக்கிற ராம்ப் எங்கெங்க இருக்கெண்டு இணையத்தில வடிவாப் போட்டிருக்காம். நாங்கள் அதெல்லாம் பாக்கிற ஆக்களோ? எங்கட ஆக்களுக்குத்தான் போன் அடிப்பம். சூரிச்சில இருக்கிற குகன் அண்ணைக்கு அடிச்சன்.

"ராம்ப்போ? அந்த ஏரிக்கரை முழுக்க எனக்குத் தெரியும். நான் சொல்ற இடத்துக்குப் போ."

வசந்தியையும் சம்மந்தியாரையும் காரில ஏத்திக்கொண்டு போனம். பெரிய கேற், பெரிய பூட்டு. நாயோட நிண்ட ஒரு அம்மா, "இது படகுச் சங்கத்து ஆக்களுக்கு மட்டும்" எண்டா. டிரெய்லரைப் பின்னுக்கு எடுத்தன். நான் இடப்பக்கம் திருப்ப அது வலப்பக்கம் போகுது. சம்மந்தியார் இறங்கி நிண்டு பாத்தார். ஒண்டும் சொல்லேல்லை. நாய் மட்டும் சொல்லிச்சுது.

திரும்ப அடிச்சன். "அப்ப அங்கால, குளிக்கிற இடத்துக்குப் பக்கத்தில ஒண்டு கிடக்கு" எண்டார் குகன் அண்ணை.

ஓம், கிடந்தது. சக்கர நாற்காலியில வாற ஆக்கள் தண்ணிக்குள்ள இறங்கக் கட்டினது. ரெண்டு பக்கமும் கைபிடி. வெயில் காய்ஞ்சுகொண்டிருந்த சனம் முழுக்க எழும்பி இருந்து, மாலை போட்ட படகைப் பாத்தது. மூண்டாந்தரமும் குகன் அண்ணைக்கு அடிச்சன்.

"அண்ணை, நீங்கள் எப்ப இதில படகு இறக்கினீங்கள்?"

"நான் எங்கையடா இறக்கினனான்? என்னட்டைப் படகே இல்லையே!"

கடைசியா அங்க குளிக்க வந்த ஒரு பெடியன்தான் உண்மையான ராம்ப்புக்கு வழி காட்டினான். பொது ராம்ப், கேற் இல்லை, நல்ல சாய்வு. எனக்குக் கண்ணில தண்ணியே வந்திட்டுது.

ராம்ப்புக்குப் பொறுப்பான, மஞ்சள் சட்டை போட்ட ஒருத்தர் வந்தார். "இந்தப் படகு முதல் எங்க நிண்டது?"

"போடன்சேயில."

"அப்ப கழுவிப்போட்டுத்தான் இறக்கலாம். வேற ஏரிச் சிப்பியள் ஒட்டிக்கொண்டு வந்து இந்த ஏரியை நாசமாக்கும்." பக்கத்தில குழாயும் இருந்தது. சின்ன விசயம். குழாயைக் கையில எடுத்தன்.

"விடுங்கோ அதை!" எண்டா வசந்தி. "கலியாணம் பேசுற நாளில, சம்மந்தியாருக்கு முன்னால, வைச்ச பொட்டை அழிக்கிறதோ? உங்களுக்கென்ன விசரோ?"

நான் மஞ்சள் சட்டைக்காரரிட்டைக் கெஞ்சினன். "பொட்டை மட்டும் விட்டிட்டுக் கழுவட்டோ?"

அவர் குனிஞ்சு குங்குமத்தைப் பாத்தார். "இதென்ன?"

"கடவுள்."

கொஞ்சம் யோசிச்சார். "அவரையும் கழுவவேணும்."

வசந்தி படகுக்கு முன்னால போய் நிண்டிட்டா. அவர் ராம்ப்புக்கு முன்னால நிண்டார். சம்மந்தியாரைப் பாத்தன். "அண்ணை, நீங்கள் என்ன சொல்றியள்? கழுவுறதோ, விடுறதோ?"

"ஓம்" எண்டார்.

பிறகு தன்ர பாட்டில நடந்துபோய், பக்கத்துத் துறையில எங்கள் மூண்டு பேருக்கும் பயணிகள் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார். படகைக் கார் நிப்பாட்டுற இடத்தில விட்டிட்டு, மரியாதை போச்சு, கலியாணமும் போச்சு எண்டு நினைச்சுக்கொண்டுதான் ஏறினன். வசந்தி கட்டிக்கொண்டு வந்த வடையைச் சாப்பிட்டம்.

கப்பல் ராம்ப்பைத் தாண்டிப் போச்சுது. கார் நிப்பாட்டுற இடத்தில எங்கட படகு மாலையோடையும் பொட்டோடையும் நிக்குது. சம்மந்தியார் அதைக் கனநேரம் பாத்தார். பிறகு முதல்தரமா அவற்ற பல்லைக் கண்டன்.

"தம்பி, அபியைத் தந்தாப் போதும். சீதனமெண்டு அந்தப் படகை மட்டும் தந்திடாதேங்கோ."